வெளி அடுப்பு வைக்கும் முன்...

வீட்டுக்குள் கேஸ் வந்துவிட்டது. ஆனாலும் கொல்லையில் விறகு அடுப்பு அணையவில்லை. அதை எங்கே வைப்பது, எப்படி வைப்பது, யாரைக் கேட்டு வைப்பது?

திண்டுக்கல் சமவெளியில் புது வீடு கட்டுகிற குடும்பங்களுக்குக் கடைசியாக நினைவுக்கு வருவது வெளி அடுப்புதான். தலைவாசல் எந்தப் பக்கம், போர் எங்கே, மாட்டுக் கொட்டகை எங்கே, கழிவறை எங்கே என்று கொத்தனாரோடு எல்லாம் பேசி முடித்து, பால் காய்ச்சிக் குடியேறிய மறுநாள் காலையில் குளிக்க வெந்நீர் வேண்டும் என்கிறபோதுதான் "அடுப்பை எங்க வைக்கிறது?" என்ற பேச்சு வரும். கட்டட வேலையில் மிச்சமான நாலு செங்கல்லை, மிச்சமான ஒரு மூலையில் போட்டு நெருப்பு மூட்டுவார்கள். அந்த மூலையே அடுத்த இருபது வருசத்துக்கு அடுப்படி ஆகிவிடும்.

கேஸ் இருக்கும்போது வெளி அடுப்பு எதற்கு என்று நகரத்தில் இருப்பவர்கள் கேட்கலாம். 2007ல் தமிழக அரசு இலவச எரிவாயு அடுப்பு கொடுத்தது. 2016ல் மத்திய அரசின் உஜ்வலா திட்டம் வந்தது. இன்று தமிழ்நாட்டில் நூற்றுக்கு எண்பதுக்கும் மேற்பட்ட வீடுகளில் சமையல் கேஸில்தான் நடக்கிறது. ஆனால், சோறும் குழம்பும் மட்டுமா விவசாயி வீட்டு வேலை? ஐந்து பேர் குளிக்க வெந்நீர், மாட்டுக்குக் கஞ்சி, பருத்திக்கொட்டை வேகவைக்க, கொள்ளு அவிக்க, தைப்பொங்கலுக்குப் பானை வைக்க, குலசாமிக்குக் கிடா வெட்டினால் அண்டா ஏற்ற என்று நெருப்புக்கு வேலை இருந்துகொண்டேதான் இருக்கிறது. 14.2 கிலோ சிலிண்டரில் மாட்டுக் கஞ்சி காய்ச்ச யாருக்கும் மனசு வராது. தோட்டத்தில் விறகு சும்மா கிடக்கும்போது சிலிண்டரை எடுத்து வெந்நீர் போட மாட்டார்கள்.

ஆகவே வெளி அடுப்பு இருக்கத்தான் போகிறது. அது எப்படி இருக்க வேண்டும் என்பதுதான் கேள்வி.

ஒரு வீட்டில் நடந்த பஞ்சாயத்து

வேடசந்தூர் பக்கம் ஒரு குடும்பம். இரண்டு ஏக்கரில் மக்காச்சோளம், வரப்போரம் முருங்கை, இருபது தென்னை, இரண்டு கறவை மாடு. மூன்று வருசத்துக்கு முன்னால் கிழக்குப் பார்த்த வாசலோடு காரை வீடு கட்டினார்கள். அடுப்பைப் பின்பக்கம், அதாவது மேற்கே தள்ளிவிட்டார்கள். வீட்டுக்காரர் சொன்ன காரணம் ஒன்றுதான். "வர்றவங்க கண்ணுல கரி படக்கூடாது."

அந்த அடுப்பின் முன்னால் தினமும் உட்கார்ந்தது அவருடைய மனைவி. ஐம்பத்தைந்து வயது. அதிகாலை நாலரைக்கு எழுந்து, பால் பீய்ச்சி, ஆறு மணிக்குள் சொசைட்டிக்குப் பால் போக வேண்டும். அதற்கு முன்னால் வெந்நீர்ப் பானையும் கஞ்சிப் பானையும் அடுப்பில் ஏறியாக வேண்டும். மார்கழியில் பாதகமில்லை. ஆனி, ஆடியில் மேல்காற்று கிளம்பியதும் புகை முழுக்கப் பின்கதவு வழியாக வீட்டுக்குள் வந்து நிறைந்தது. பள்ளிக்கூடம் போகிற பேரன் கண்ணைக் கசக்கிக்கொண்டு எழுந்தான். புது வீட்டின் வெள்ளைச் சுவர் ஒரே வருசத்தில் பழுப்பேறியது. அந்த அம்மாவுக்கு இருமல் நிற்கவில்லை.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "வீட்டுல யாராச்சும் பீடி, சிகரெட் பிடிக்கிறாங்களா?" இல்லை. இரண்டாவது கேள்வி, "வெறகு அடுப்பா?" ஆமாம். "மாத்திரை தர்றேன். ஆனா அடுப்ப மாத்தாம மாத்திரை மட்டும் எத்தன நாளைக்குக் கேக்கும்?" என்றாராம்.

அடுப்பை மாற்றுவது என்று முடிவானதும் வீட்டில் ஆளுக்கொரு யோசனை. திருப்பூரில் வேலை பார்க்கும் மகன் செல்போனில் ஒரு படத்தைக் காட்டினான். சுற்றிலும் நாற்காலி போட்டு, நடுவில் பெரிய இரும்புச் சட்டியில் நெருப்பு எரியும் படம். மலையடிவார விடுதிகளில் வெளியூர்க்காரர்களுக்குப் போடுகிற நெருப்பு மாதிரி. "முற்றத்துல வச்சா சூப்பரா இருக்கும்மா" என்றான். அம்மா படத்தை உற்றுப் பார்த்துவிட்டு, "இதுல அண்டாவ எப்படிடா வைக்கிறது?" என்று கேட்டார். அப்பா, திண்டுக்கல் டவுனில் பார்த்த செம்பு பாய்லரை வாங்கிவிடலாம் என்றார். தொண்ணூறை நெருங்கும் அப்பத்தா, "மூணு கல்லு போதாதா? நாங்கள்லாம் எதுல காச்சினோம்?" என்று முடித்துக்கொண்டார்.

கடைசியில் வாயைத் திறந்தது மருமகள்தான். "தெனமும் அதுக்கு முன்னாடி உக்கார்றது அத்தை. அவங்களுக்கு என்ன வேணும்னு ஒரு வார்த்தை கேட்டீங்களா மாமா?"

அந்தக் கேள்விக்குப் பின்னால் பெரிய வரலாறே இருக்கிறது.

அடுப்புத் திட்டங்கள் சொல்லும் பாடம்

புகையில்லா அடுப்பு இந்தியாவுக்குப் புதிதல்ல. தஞ்சாவூரில் பிறந்து, கடைசிக் காலத்தில் மதுரை மாவட்டம் தே.கல்லுப்பட்டியில் வாழ்ந்து 1960ல் மறைந்த ஜே.சி.குமரப்பா, வார்தாவில் அகில இந்திய கிராமத் தொழில் சங்கத்தை நடத்திய காலத்திலேயே கிராமத்து அடுப்பைத் திருத்தும் வேலை அங்கே தொடங்கிவிட்டது. 1950களின் தொடக்கத்தில் ஹைதராபாத் பொறியியல் ஆராய்ச்சிக் கூடத்தில் எஸ்.பி.ராஜு புகைபோக்கி வைத்த அடுப்பை வடிவமைத்தார். 1980களில் மத்திய அரசு மேம்படுத்தப்பட்ட அடுப்புகளுக்கான தேசியத் திட்டத்தைத் தொடங்கி, சுமார் இருபது ஆண்டுகளில் நாடு முழுக்க மூன்று கோடிக்கும் மேற்பட்ட அடுப்புகளை வைத்துக் கொடுத்தது.

அவற்றில் பெரும்பாலானவை நிலைக்கவில்லை. பல வீடுகளில் சில மாதங்களிலேயே பழைய அடுப்பு திரும்ப வந்தது. அடுப்பு வாய் சிறியதாக இருந்தது. விறகைத் துண்டு துண்டாகப் பிளக்க வேண்டியிருந்தது. வீட்டில் இருந்த பானை அடுப்புக் கண்ணில் உட்காரவில்லை. புகைபோக்கியில் கரி அடைத்தால் எப்படிச் சுத்தம் செய்வது என்று யாரும் சொல்லித் தரவில்லை. அடுப்பைப் போட்டவர்கள் கணக்கை முடித்துக்கொண்டு போய்விட்டார்கள். அடுப்பின் முன்னால் உட்காரப் போகிற பெண்ணிடம் யாரும் எதையும் கேட்கவில்லை. அடுப்பின் தொழில்நுட்பத்தில் இருந்த குறையைவிட இந்தக் குறைதான் பெரியது.

இதில் விளையாட்டில்லை. வீட்டு அடுப்புப் புகையால் 2020ஆம் ஆண்டில் மட்டும் உலகம் முழுக்க சுமார் 32 லட்சம் பேர் உயிரிழந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்குச் சொல்கிறது. நுரையீரல் அடைப்பு, மாரடைப்பு, பக்கவாதம், சின்னக் குழந்தைகளுக்கு நிமோனியா என்று இதில் பல உண்டு. திறந்த வெளியில்தானே எரிகிறது என்று நினைக்கக் கூடாது. ஊதாங்குழலை வாயில் வைத்து, முகத்தை அடுப்புக்கு அருகே கொண்டுபோய் ஊதுகிறவருக்கு வெளியும் உள்ளும் ஒன்றுதான்.

முதல் முடிவு: இடம்

அடுப்பு எந்த வகை என்பதைவிட எங்கே வைக்கிறோம் என்பது முக்கியம். இதற்குக் காற்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். திண்டுக்கல் சமவெளியில் இரண்டு பெரிய காற்று. ஜூன் முதல் செப்டம்பர் வரை பாலக்காட்டுக் கணவாய் வழியாக நுழைந்து வரும் மேல்காற்று. பழனி, ஒட்டன்சத்திரம், வேடசந்தூர் பக்கத்து ஆட்களுக்கு அதன் வேகம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பிறகு, வடகிழக்குப் பருவமழையோடு ஐப்பசியில் தொடங்கித் தை வரை வீசும் வாடை.

மேற்கே அடுப்பு வைத்தால் மேல்காற்றில் புகை வீட்டுக்குள் போகும். வடகிழக்கில் வைத்தால் வாடையில் போகும். வீட்டின் தென்கிழக்கு மூலையில் வைத்தால், மேல்காற்று புகையைக் கிழக்கே கொண்டுபோகும். வாடைக்காற்று தென்மேற்கே, வீட்டுக்கு வெளிப்புறமாகக் கொண்டுபோகும். இரண்டிலும் வீடு தப்பும். பெரியவர்கள் அதை அக்னி மூலை என்று சொல்லிவைத்தார்கள். காரணம் எதுவாக இருந்தாலும், நம் பக்கத்துக் காற்றுக்கு அது பொருந்தத்தான் செய்கிறது. இடம் இல்லாதவர்கள் ஒரு வேலை செய்யலாம். ஆடியில் ஒரு நாள், மார்கழியில் ஒரு நாள் காய்ந்த வேப்பிலையைக் கொஞ்சம் கொளுத்தி, புகை எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்துவிட்டு இடத்தை முடிவு செய்யலாம்.

அடுத்தது படப்பு. வைக்கோல் படப்பு, சோளத்தட்டைப் போர், கீற்றுக் கொட்டகை இவற்றிலிருந்து அடுப்பு குறைந்தது ஐம்பது அடி தள்ளி இருக்க வேண்டும். மேல்காற்றில் பொறி கிழக்கேயும் வடகிழக்கேயும் பறக்கும். வாடையில் தென்மேற்கே பறக்கும். ஆகவே அடுப்புக்கு அந்தத் திசைகளில் படப்பு போடவே கூடாது. பெட்ரோல் கேன், பூச்சிமருந்து வைக்கும் அறை, மோட்டார் ஸ்டார்ட்டர், கேஸ் சிலிண்டர் எதுவும் பக்கத்தில் இருக்கக் கூடாது. ஒரு வாளித் தண்ணீரும் ஒரு சட்டி மணலும் எப்போதும் இருக்கட்டும்.

என்ன விறகு?

கையில் கிடைக்கிற விறகுக்கு ஏற்பத்தான் அடுப்பைத் தேர்வு செய்ய வேண்டும். அடுப்பை வாங்கிவிட்டு விறகைத் தேடி அலையக் கூடாது.

சீமைக்கருவேல் சமவெளி முழுக்கக் கிடக்கிறது. நன்றாக எரியும், தணல் நிற்கும். புளியமரத்துக் கட்டையும் அப்படித்தான். நீண்ட நேரம் கங்கு இருக்கும். தென்னையில் பாளையும் பன்னாடையும் பற்றவைக்க நல்லது. கொட்டாங்கச்சி சூடு அதிகம், புகை குறைவு. உரிமட்டை புகையத்தான் செய்யும். அதை மூடாக்குக்கு வைத்துக்கொண்டால் மண்ணுக்கு நல்லது. மணி உதிர்த்த மக்காச்சோளக் கட்டை சடசடவென்று எரிந்து முடியும். வெந்நீர் போடப் போதும். முருங்கைக் கட்டை சோளத்தட்டை மாதிரி, பொத்தென்று எரிந்து சாம்பலாகிவிடும். விறகு என்று அதை நம்பக் கூடாது.

எந்த விறகானாலும் காய்ந்திருக்க வேண்டும். ஈர விறகை எரித்தால் அதில் இருக்கும் தண்ணீரை ஆவியாக்கவே சூட்டில் ஒரு பங்கு வீணாகிவிடும். புகையும் அதிகம். வெட்டிப் பிளந்து, மழை படாத இடத்தில் காற்று புகும்படி அடுக்கி, ஒரு கோடையாவது காயவிட வேண்டும். மாசி, பங்குனியில் அடுக்கினால் ஐப்பசி மழைக்கு முன் தயாராகிவிடும்.

எரிக்கக் கூடாதவையும் இருக்கின்றன. அரளிக் குச்சியை எரித்தால் புகையே விஷம். கள்ளி கண்ணைக் கெடுக்கும். பழைய சொட்டுநீர்க் குழாய், மூடாக்குப் பிளாஸ்டிக் தாள், பி.வி.சி. பைப் துண்டு, பூச்சிமருந்து டப்பா, டயர்த் துண்டு, பெயின்ட் அடித்த பழைய ஜன்னல் கட்டை, இவற்றில் ஒன்றையும் அடுப்புப் பற்றவைக்கப் பயன்படுத்தக் கூடாது. பி.வி.சி. எரிந்தால் அமிலப் புகையும், டையாக்ஸின் என்ற கொடிய நஞ்சும் வரும். அந்த நெருப்பில் காய்ச்சின கஞ்சியைத்தான் மாடு குடிக்கிறது. அதன் பாலைத்தான் பிள்ளை குடிக்கிறது.

எந்த அடுப்பு?

மூன்று கல் அடுப்பு: எங்கேயும் போடலாம், எந்தப் பாத்திரமும் உட்காரும், செலவில்லை. பொங்கலுக்கும் வருசத்தில் ஓரிரு விருந்துக்கும் இதுவே போதும். ஆனால் எரிகிற சூட்டில் நூற்றில் பத்துப் பங்குதான் பாத்திரத்துக்குப் போய்ச் சேரும். மிச்சம் காற்றுக்கு.

இதைக் கணக்காகப் பார்ப்போம். 60 லிட்டர் தண்ணீரை 27 டிகிரியிலிருந்து 45 டிகிரிக்குச் சூடேற்ற 1,080 கிலோ கலோரி வேண்டும். வெயிலில் காய்ந்த ஒரு கிலோ விறகில் சுமார் 3,500 கிலோ கலோரி இருக்கிறது. மூன்று கல்லில் இதற்கு 3 கிலோ விறகு செலவாகும். நூற்றுக்கு இருபத்தைந்து பங்கு சூட்டைப் பிடிக்கும் அடுப்பில் ஒன்றேகால் கிலோ போதும். வருசத்துக்கு 650 கிலோ விறகு மிச்சம். அதை வெட்டி, சுமந்து, பிளந்து, அடுக்குகிற உடம்பு யாருடையது என்பதையும் இந்தக் கணக்கோடு சேர்த்துக்கொள்ள வேண்டும். இயற்கைக் காற்றில் எரியும் விறகு அடுப்புக்கு இந்தியத் தர நிறுவனம் வைத்திருக்கும் குறைந்தபட்ச அளவும் இந்த 25 சதவிகிதம்தான். கடையில் இரும்பு அடுப்பு வாங்குகிறவர்கள் ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்று பார்த்து வாங்கலாம்.

ராக்கெட் அடுப்பு: 1980களில் அமெரிக்காவின் லாரி வினியார்ஸ்கி என்பவர் வடிவமைத்த முறை. பெயர்தான் பெரிது, செங்கல்லிலேயே கட்டலாம். ஆங்கில எழுத்து 'எல்' போல உள்பாதை. கீழே படுக்கைவசமாக விறகு வாய். அதன் மேல் நிமிர்ந்த குழாய் போன்ற எரி அறை. விறகை ஒரு சின்னத் தகட்டின் மேல் வைக்க வேண்டும். தகட்டுக்குக் கீழே காற்றுப் போகும். எரி அறை அகலத்தைப்போல இரண்டு, மூன்று மடங்கு உயரம் இருந்தால் புகையும் உள்ளேயே எரிந்துவிடும். செங்கல்லைச் சுற்றி மரச்சாம்பலை நிரப்பினால் சூடு வெளியே போகாது. பானையைச் சுற்றி விரல் நுழையும் இடைவெளி விட்டு ஒரு தகரத்தை வளையமாக நிறுத்தினால் விறகு இன்னும் குறையும். சுள்ளியும் மெல்லிய விறகும் இதற்குப் போதும். பெரிய கட்டை நுழையாது.

மண் கொடியடுப்பும் புகைபோக்கியும்: இரண்டு பானை ஒரே நெருப்பில் வைக்கலாம். களிமண், மணல், உமி, சாணம் சேர்த்துப் பிசைந்து கட்டி, நிழலில் ஒரு வாரமாவது மெதுவாகக் காயவிட்ட பிறகே நெருப்பு மூட்ட வேண்டும். இல்லாவிட்டால் வெடிப்பு விடும். புகைபோக்கி நாலு அங்குல விட்டத்தில், மேற்கூரைக்கு மேலே இரண்டு அடியாவது நிற்க வேண்டும். மாதம் ஒரு தடவை கயிற்றில் கட்டிய தேங்காய் நார்க் கட்டை விட்டு இழுத்துக் கரியைத் தட்ட வேண்டும். இதைச் செய்ய ஆள் இல்லாத வீட்டில் புகைபோக்கி வேண்டாம்.

வெந்நீர் பாய்லர்: குளியல் தண்ணீருக்கு மட்டும் என்றால் நல்லது. நடுவில் நெருப்புக் குழாய், சுற்றிலும் தண்ணீர் என்பதால் சூடு வீணாவது குறைவு. தண்ணீரைச் சுமந்து இறக்கும்போது தளும்பிக் கொட்டிக்கொள்ளும் ஆபத்தும் இல்லை. ஆனால் நம் பக்கத்துப் போர்த் தண்ணீர் உப்பு. உள்ளே வெள்ளைப் படலம் கட்டும். கட்டினால் சூடு பிடிக்காது. சில மாதத்துக்கு ஒருமுறை எலுமிச்சை உப்பு கரைத்த தண்ணீரை ஊறவைத்துக் கழுவ வேண்டும். தண்ணீர் இல்லாமல் மூட்டினால் அடி போய்விடும்.

மரத்தூள் அடுப்பு: ரம்பக் கடையில் தூள் கிடைக்கிறவர்களுக்கு ஏற்றது. நடுவில் ஒரு கட்டையை நிறுத்தி, சுற்றிலும் தூளை இறுக்கி அடைத்து, கட்டையை உருவிவிட்டு அந்தத் துளையில் நெருப்பு வைத்தால் மணிக்கணக்கில் நின்று எரியும். மாட்டுக் கஞ்சிக்கும் கொள்ளு அவிக்கவும் நல்லது.

சாண எரிவாயு: நாலைந்து மாடு இருக்கிற வீட்டுக்கு விறகைவிட இதுவே மேல். தினமும் 50 கிலோ சாணம் இருந்தால் 2 கன மீட்டர் கலன் போதும். ஒரு கன மீட்டர் வாயு, சுமார் மூன்றரை கிலோ விறகுக்குச் சமம். சாணத்தை எருவாட்டியாகத் தட்டி எரித்தால் அதிலுள்ள தழைச்சத்து மொத்தமும் புகையாகப் போய்விடும். கலனில் போட்டால் வாயுவும் கிடைக்கும், கழிவு வயலுக்கு உரமாகவும் போகும். ஆனால் இரண்டே மாடு வைத்திருப்பவர் மானியம் கிடைக்கிறதே என்று பெரிய கலன் கட்டினால் பாதி நாள் காலியாகத்தான் கிடக்கும்.

இரும்புச் சட்டி நெருப்பு: குளிர் காய மட்டும். சமவெளியில் மார்கழி, தை தவிர அதற்கு வேலை இல்லை. ஆசைப்படுகிறவர்கள் பழைய வண்டிச் சக்கரப் பட்டையை மண்ணில் பதித்துச் சுற்றிச் செங்கல் அடுக்கினாலே போதும். ஆனால் சிமெண்ட் தளத்தின்மேல் நேராக நெருப்பு மூட்டக் கூடாது. தளம் வெடித்துச் சில்லு தெறிக்கும். கீழே மணல் பரப்பிக்கொள்ள வேண்டும்.

அந்த வீட்டில் என்ன முடிவானது?

மருமகள் கேட்ட பிறகு அந்த அம்மாவைக் கூப்பிட்டு உட்காரவைத்துக் கேட்டார்கள். அவர் நாலே விஷயம்தான் சொன்னார். "கஞ்சிப் பானை ஆடாம உக்காரணும். மக்காச்சோளக் கட்டையும் போடுற மாதிரி வாய் இருக்கணும். குத்தவச்சு உக்காந்தா முட்டி வலிக்குது, அதனால அடுப்பு கொஞ்சம் ஒசரமா இருக்கட்டும். மழையில வெறகு நனையக் கூடாது." புகையைப் பற்றி அவர் சொல்லவே இல்லை. முப்பது வருசமாக அது அவருக்கு அடுப்போடு சேர்ந்த ஒன்று.

தென்கிழக்கு மூலைதான் சரி என்றபோது வீட்டுக்காரர் ஒத்துக்கொள்ளவில்லை. கிழக்குப் பார்த்த வீட்டில் அது முன்பக்கம். "வாசல்ல அடுப்பா?" என்றார். "ஊரு ஒலகம் என்ன பேசும்?" அப்பத்தாதான் பதில் சொன்னார். "பொங்கப் பானைய எங்கடா வைக்கிற? வாசல்லதான? அன்னைக்கு மட்டும் யாரும் பேசலையா?"

முன்பக்கத்திலிருந்து கொஞ்சம் தெற்கே தள்ளி, நாலடி உயரத்துக்கு மறைப்புச் சுவர் எழுப்பி, மேலே தகரம் போட்டார்கள். ஒன்றரை அடி மேடை கட்டி, அதில் செங்கல்லில் ராக்கெட் அடுப்பு. மேடைக்குக் கீழே விறகு அடுக்கும் இடம். முன்னால் ஒரு முக்காலி. குளியல் தண்ணீருக்கு ஸ்டீல் பாய்லர். கிடாவிருந்துக்கு எப்போதும்போல களத்தில் கோட்டை அடுப்பு. கட்டட வேலையில் மிஞ்சிய செங்கல்லே போதுமானதாக இருந்தது; தகரமும் பாய்லரும்தான் செலவு.

முதல் மாதம் சிரமம்தான். விறகைச் சிறிதாகப் பிளக்க வேண்டியிருந்தது. "இது வெறகு தின்னாது, என் கையத் தின்னுது" என்று அந்த அம்மா சலித்துக்கொண்டார். அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் வாரத்துக்கு வேண்டிய விறகைப் பிளந்துவைப்பது வீட்டுக்காரர் வேலையானது. எந்தத் திட்டத்திலும் சேர்க்காத பகுதி இதுதான். இதைச் சேர்த்ததால்தான் அந்த அடுப்பு நிலைத்தது. அடுத்த ஆடியில் வீட்டுக்குள் புகை வரவில்லை. ஊதாங்குழல் பரணுக்குப் போனது. இருமல் குறைந்தது, முழுசாகப் போகவில்லை. முப்பது வருசப் புகை ஒரே வருசத்தில் எப்படிப் போகும்? ஆனால் பேரன் கண்ணைக் கசக்கிக்கொண்டு எழுவது நின்றது.

விவசாயிகள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மழை நாளில் தணலை வீட்டுக்குள் எடுத்து வைக்கலாமா? கூடவே கூடாது. பிள்ளை பெற்ற பெண்ணுக்குக் குளிர் ஆகாது என்று கதவை அடைத்துக் குமுட்டியில் தணல் வைப்பது இன்னும் சில ஊர்களில் நடக்கிறது. தணலில் புகை தெரியாது. ஆனால் கார்பன் மோனாக்சைடு வரும். அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தூக்கத்திலேயே உயிர் போய்விடும். குளிர் ஊர்களில் அறைக்குள் கரி அடுப்பு வைத்துத் தூங்கியவர்கள் இப்படித்தான் எழுந்திருக்காமல் போகிறார்கள்.

சாம்பலை என்ன செய்வது? நன்றாக ஆறிய பிறகு எடுத்து, மழை படாமல் வைத்தால் அது உரம். சாம்பல் சத்தும் சுண்ணாம்புச் சத்தும் அதில் இருக்கிறது. அவரை, கத்திரியில் அசுவினி தெரிந்தால் காலைப் பனி ஈரத்தில் தூவலாம். ஆனால் யூரியாவோடும் புதுச் சாணத்தோடும் சாம்பலைக் கலக்கக் கூடாது, தழைச்சத்து ஆவியாகிவிடும். களர் நிலத்திலும் போட வேண்டாம். குப்பைக்குழியில் கொட்டும் முன் கையை மேலே காட்டிச் சூடு இல்லை என்று பார்த்துக்கொள்ள வேண்டும். மேலே ஆறியிருந்தாலும் உள்ளே கங்கு மறுநாள் வரை இருக்கும். படப்புகள் எரிவது பல நேரம் இப்படித்தான்.

தீக்காயம் பட்டால்? உடனே குழாய்த் தண்ணீரை இருபது நிமிடம் விட வேண்டும். மை, பற்பசை, தோசை மாவு எதையும் தடவக் கூடாது. பெரிய காயம் என்றால் 108. தீ பரவினால் 101 அல்லது 112. அடுப்புப் பக்கம் போகும்போது நைலான் சேலை, நைட்டி வேண்டாம், பருத்தி நல்லது. முந்தானையைச் செருகிக்கொள்ள வேண்டும். அடுப்பைச் சுற்றி மூன்றடிக்குச் சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டு, அதைத் தாண்டக் கூடாது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிவைக்கலாம்.

புது அடுப்பு போட நினைக்கிறவர்கள் கொத்தனாரைக் கூப்பிடுவதற்கு முன்னால், அடுப்பில் ஏற்றப்போகிற பானைகளை எல்லாம் எடுத்து வெளியே வையுங்கள். பக்கத்தில் வழக்கமாக எரிக்கிற விறகையும் வையுங்கள். பிறகு, தினமும் அந்த அடுப்பின் முன்னால் உட்காரப் போகிறவரைக் கூப்பிட்டு, நிற்கிற இடத்தையும் உட்காருகிற உயரத்தையும் அவரையே காட்டச் சொல்லுங்கள். அளவு நாடாவை அதற்கு அப்புறம் பிடித்தால் போதும். ஆடிக்காற்று கிளம்புவதற்குள் வேலை முடிந்துவிடும்.